சத்து மாத்திரைக்குச் சொன்ன சாட்சி

புரோஸ்டேட் என்கிற சுரப்பி உடம்பில் எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு வெட்கப்பட்டால் மீதியை எழுத முடியாது. ஆண்களுக்கு மட்டும் உள்ளது. சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர் வெளியே வரும் குழாய் அதன் நடுவே புகுந்துதான் வருகிறது. வயதாக ஆக அது தடிக்கும், தடித்தால் குழாயை நெரிக்கும். இந்த நாலு வரியை என் மனைவி வசந்தாவிடம் சொல்ல எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

நான் சங்கரன்கோவிலில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் சாமுவேல் சார் என்பார்கள். பஸ் ஏறுமுன் ஒருமுறை, இறங்கியவுடன் ஒருமுறை என்று ஆரம்பித்தது தொல்லை. சர்ச்சில் எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவன் கதவோரக் கடைசி பெஞ்சுக்கு மாறினேன். பிரசங்கம் நீண்டால் நைசாக எழுந்து போகலாம் அல்லவா. சபையார் அதைப் பார்த்து, சாருக்கு வயதாக ஆகத் தாழ்மை கூடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். அந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அது. சுரப்பி வீங்கினாலும் கூடும், கிருமி தாக்கினாலும் கூடும், புற்றுநோய் என்றாலும் கூடும். அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எனக்குக் கூடுதலாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்ப்போம், குறையவில்லை என்றால் பயாப்ஸி செய்வோம் என்றார். ஊசி விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்ஸி. ஊசி எந்த வழியாகப் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றே நான் ஆராய்ச்சியாளன் ஆகிவிட்டேன்.

போனைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. வைட்டமின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறது என்று ஆராய்ச்சி சொல்கிறது, இன்ன சத்து குறைந்தால் புரோஸ்டேட் கெடும் என்று ஆராய்ச்சி சொல்கிறது. எந்த ஆராய்ச்சி, யார் செய்தது, எத்தனை பேரை வைத்து, யாரோடு ஒப்பிட்டு என்று ஒரு கேள்வி கேட்டேனா? கேட்கவில்லை. ஒரு தொட்டியை வெயிலிலும் இன்னொன்றை இருட்டிலும் வைத்து, மற்றதெல்லாம் சமமாக இருந்தால்தான் பரிசோதனை என்று காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பயம் வந்ததும் அதெல்லாம் பறந்துவிட்டது.

ஆன்லைனில் ஒரு டப்பா வரவழைத்தேன். வைட்டமின் ஈ, டி, செலினியம், துத்தநாகம், அதோடு முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று பயோட்டின். நாளுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. நான் இரண்டாகச் சாப்பிட்டேன். சத்துதானே, கூடினால் என்ன கெட்டுவிடப் போகிறது! மறுபரிசோதனை அன்றைக்கும் காலையில் விழுங்கிவிட்டுத்தான் லேபுக்குப் போனேன். எண் சரசரவென்று இறங்கியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்து மாத்திரையை யார் மருந்து என்கிறார்கள்? எங்கள் ஊரில் மருந்து என்றால் வியாதிக்கு, சத்து மாத்திரை என்றால் உடம்புக்கு. பயாப்ஸி இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் கேடு என்னோடு போயிருக்கும். எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிவில் சாட்சி நேரம் உண்டு. நன்மை பெற்றவர்கள் முன்னால் வந்து மைக்கில் சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். நான் போய் நின்றேன். ஆண்களுக்கு வரும் ஒரு நோய் என்று ஆரம்பித்தேன். பெண்கள் பக்கம் எல்லாரும் ஃபேனைப் பார்த்தார்கள். கத்தியும் ஊசியும் இல்லாமல், ஒரு வைட்டமின் மாத்திரை வழியாகக் கர்த்தர் என்னைச் சுகமாக்கினார், விஞ்ஞானமும் அவர் கொடுத்ததுதான் என்று முடித்தேன். ஒரு இயற்பியல் வாத்தியார் சொன்னதால் சபைக்கு அது இரட்டைச் சாட்சி. ஆமென் பலமாக வந்தது.

வெளியே பைக் நிறுத்தும் இடத்தில் பொன்ராஜ் அண்ணாச்சி என்னை ஓரங்கட்டினார். பாடகர் குழுவில் பாஸ் என்கிற அடிக்குரல் அவருடையது. ஊருக்குள் விசைத்தறி வைத்திருக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஆனாலும் ஒரே வயதுக்காரனைப் போலத்தான் பழகுவார்.

"வே சாமுவேலு, எனக்கும் அந்தக் கோளாறுதான் வே. டாக்டரு உடனே ஊசி போட்டுச் சதையை எடுக்கணுங்காரு. ஒருத்தர்ட்டயும் சொல்லல. உம்ம மாத்திர பேரைச் சொல்லும்."

"பேர் என்னத்துக்கு அண்ணாச்சி, நானே வாங்கித் தாரேன்" என்றேன். எனக்கு வந்த டப்பாவோடு அவருக்கும் சேர்த்து வரவழைத்தேன். என்னைப் போலவே இரண்டு சாப்பிடச் சொன்னேன். அவருக்கும் எண் இறங்கியது. பயாப்ஸிக்குக் கொடுத்த நாளில் அவர் போகவில்லை. அதற்குப் பதில் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் தறியில் ஓடிய சேலை ஒன்றை வசந்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. ஒருநாள் ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். மதியத்துக்குள் சிறுநீர் அடைத்துக்கொண்டது. சளி மாத்திரைகளில் சில, ஏற்கெனவே நெரிபட்ட குழாயை ஒரேயடியாக மூடிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வலியை எழுத எனக்கு வராது. அடிவயிறு கல்லாகிவிட்டது. வசந்தா ஆட்டோ பிடித்து உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் ஒரு ரப்பர் குழாயை உள்ளே செலுத்தினார். சிறுநீர் பையில் இறங்க இறங்க உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் உதவிக்கு நின்ற நர்ஸ் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிச் சிரித்தாள்.

"சார், என்னைத் தெரியுதா? உங்க ஸ்டூடண்ட் சார்."

வேட்டி எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியாது. "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னேன். ஆசிரியர் தொழிலில் இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அங்கிருந்து திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிறுநீரகப் பிரிவின் காத்திருப்பு அறையில் எல்லாரும் ஆண்கள். பாதிப் பேர் கையில் குழாயும் பையும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, சுவரில் இருக்கும் டி.வி.யைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஒலி கிடையாது. என் பையை ஒளிக்க இடம் தெரியாமல் நான் தவித்ததைப் பார்த்து, வசந்தா மறுநாளே ஒரு உறை தைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். பொன்ராஜ் அண்ணாச்சி கொடுத்த சேலையின் ரவிக்கைத் துணி அது. பூப்போட்ட துணிக்குள் என் சிறுநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் அதைப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

உள்ளே பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். சாப்பிடும் மருந்துகளைக் கேட்டார். பி.பி. மாத்திரையைச் சொன்னேன். வேறு? இல்லை. நல்லவேளை, அவர் அதோடு விடவில்லை.

"சத்து மாத்திரை, டானிக், நாட்டு மருந்து, பவுடர்?"

வசந்தா பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் பின்பக்கத்து எழுத்துகளைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"பயோட்டின் இவ்வளவு இருக்கே. பி.எஸ்.ஏ. குறைஞ்சிருந்ததே, அன்னைக்கும் இதைச் சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன். இதனாலதான் குறைஞ்சது."

"இது நோயைக் குறைக்கல சார். டெஸ்டை ஏமாத்தியிருக்கலாம்."

அவர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் உள்ள புரதத்தைப் பிடித்து எண்ணுவதற்குச் சில இயந்திரங்களில் பயோட்டினையே ஒரு பசையைப் போலப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலும் பயோட்டின் நிறைந்து கிடந்தால், பசை ஒட்டவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். புரதம் ஒட்டாமல் கழுவிப் போய்விடும். இருப்பதைவிடக் குறைவான எண் தாளில் வரும். எல்லா லேபிலும் இப்படி ஆகாது. நான் போன லேபில் ஆகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நான் விடவில்லை. அப்படியானால் நான் படித்த ஆராய்ச்சியெல்லாம் என்ன என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தானாக வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் காலையில் நடக்கிறவர்களாகவும், புகைக்காதவர்களாகவும், அடிக்கடி டாக்டரைப் பார்க்கிறவர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் நன்றாக இருப்பது மாத்திரையாலா மற்றதாலா என்று எப்படிச் சொல்வது? அதனால் நிறையப் பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ மாத்திரையும் மறு பாதிக்குச் சத்தே இல்லாத மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமலே வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தபோது புரோஸ்டேட்டைக் காப்பாற்றும் என்று சொன்ன பலன் காணாமல் போனது. அப்படி ஒரு ஆய்வில் ஈ வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கே நோய் கொஞ்சம் கூடுதலாக வந்ததாம். சத்து குறைந்தவர்களுக்கு மாத்திரை வேண்டும்தான், அதை டாக்டர் சொல்லட்டும் என்றார். வெயிலில் ஒரு தொட்டி, இருட்டில் ஒரு தொட்டி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததை அந்தப் பெண் எனக்குச் சொல்லவேண்டி வந்தது.

அந்த அறையை விட்டு வெளியே வரும்போது எனக்கு முதலில் தோன்றியது பொன்ராஜ் அண்ணாச்சியின் முகம். இரண்டாவதாகத் தோன்றியது, அவரிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது என்பது. இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஆபரேஷன் செய்ய முடிவானது. வெளியே கத்தி படாது. சிறுநீர் வரும் வழியிலேயே ஒரு கருவியை விட்டு, அடைத்திருக்கும் சதையைக் கிணற்றில் தூர் வாருவது போலச் சுரண்டி எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். வலி தெரியவில்லை. யாரோ என் கால்களைத் தூக்கி இரண்டு பக்கமும் கட்டினார்கள், அவை யாருடைய கால்களோ போல இருந்தன. பிறகு நாட்கணக்கில் சிறுநீர்ப்பைக்குள் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். முதலில் சிவப்பாக வந்தது, பிறகு ரோஸ் நிறமாக மாறியது. அந்த நிறத்தை வைத்துத்தான் வார்டில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்போம். சுரண்டிய சதையைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். பில்லைப் பற்றி வசந்தா என்னிடம் மூச்சு விடவில்லை. அவள் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று மட்டும் நான் அவ்வப்போது பார்த்துக்கொள்வேன்.

பார்வையாளர் நேரத்தில் பொன்ராஜ் அண்ணாச்சி வந்தார். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு எனக்காக ஜெபித்தார். அந்தக் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"என்ன வே, நீரு இப்படிக் கெடக்கீரு? என்னைப் பாரும். உம்ம மாத்திரையில நான் கல்லு கணக்கா இருக்கேன்லா. நீரு கொஞ்ச நாளா நிப்பாட்டியிருப்பீரு, அதான் இப்படி ஆயிட்டு."

நான் வாயைத் திறந்தேன். "ஆரஞ்சு எதுக்கு அண்ணாச்சி, வீண் செலவு" என்று வந்தது.

அவர் போன பிறகு வசந்தா ஆரஞ்சை உரித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எப்பச் சொல்லப் போறீங்க?"

"என் ரிசல்ட் வரட்டும். ஒண்ணும் தெரியாம அவரைப் போயிப் பயமுறுத்தச் சொல்லுதியா?"

"அவுகளுக்குப் பயமா, உங்களுக்கு வெக்கமா?"

அவள் நீட்டிய சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தோம். ரிசல்டும் வந்தது. எனக்குப் புற்றுநோய் இல்லை, வெறும் வீக்கம்தான். அப்படியானால் அந்த மாத்திரை எனக்கு நல்லதும் செய்யவில்லை, பெரிய கெடுதலும் செய்யவில்லை. நான் தப்பித்தேன். அண்ணாச்சி தப்பித்தாரா என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் மூடி வைத்திருக்கிறேன். அப்போதும் போனை எடுக்கவில்லை. தையல் இல்லாத ஆபரேஷன், எழுந்து நடக்கிறேன், பேசுகிறேன், அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நாள் போய்க்கொண்டே இருந்தது.

குருவானவர் போன் செய்து, சுகமாகி வந்திருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல வேண்டும் சார் என்றார். இதுதான் சமயம் என்று ஒப்புக்கொண்டேன். பழைய சாட்சியைச் சொன்ன இடத்திலேயே திருப்பி வாங்கிவிடலாம். ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்வதைவிட ஒரு சபையைப் பார்த்துச் சொல்வது லேசு என்பது வாத்தியார் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

மைக் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் முன்பு சொன்ன சாட்சி தப்பு, மாத்திரை எண்ணைத்தான் குறைத்தது, நோயை அல்ல, யாரும் அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்றேன். சாட்சி சொல்ல எங்கள் சபையில் இடம் உண்டு, சொன்னதைத் திரும்பப் பெற ஒரு முறை கிடையாது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் யாரோ ஆமென் என்றார்கள். அந்த இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். எனக்கு மனசு நிறையவில்லை.

"என் பேச்சை நம்பி ஒரு சகோதரர் பயாப்ஸிக்கே போகாமல் நின்றுவிட்டார்" என்று சொல்லி, பாடகர் குழுவைப் பார்த்தேன்.

பார்த்ததுதான் தப்பு. என் கண் போன இடத்துக்கு எல்லாருடைய தலையும் திரும்பியது. பொன்ராஜ் அண்ணாச்சி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி ராஜம் அக்கா எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று அவர் என்னிடம் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை. கட்டிய மனைவி தன் கணவனின் நோயை என் வாயிலிருந்து, மைக்கில், சபையோடு சேர்ந்து கேட்டார்கள். பாட்டு ஆரம்பித்தபோது பாஸ் குரல் இல்லை.

அன்று மாலை ராஜம் அக்கா மட்டும் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எந்த டாக்டரு, எங்கன இருக்காரு, அதை மட்டும் சொல்லுங்க சார். அவுக உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேங்காக. நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாத்திரையை நிறுத்தி, கொஞ்ச நாள் விட்டு எடுத்த பரிசோதனையில் அவருடைய எண் மிகவும் கூடுதலாக வந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சுரப்பியைத் தாண்டிப் போகவில்லை, அதனால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். இதெல்லாம் வசந்தா ராஜம் அக்காவிடம் கேட்டு வந்து சொன்னது. நான் அந்தப் பெண் டாக்டருக்குப் போன் செய்து, அந்த மாதங்கள் வீணாகாமல் இருந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டேன். அவசரமாக வளரும் வகை இல்லை, இருந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, இருந்திருக்காது என்றும் சொல்ல முடியாது சார் என்றார். எனக்கு வேண்டிய தண்டனையும் கிடைக்கவில்லை, மன்னிப்பும் கிடைக்கவில்லை.

ஆபரேஷன் அன்றைக்கு வசந்தாவும் நானும் திருநெல்வேலிக்குப் போனோம். கூப்பிடாமல்தான் போனோம். அவரைப் பச்சைத் துணி உடுத்தி, தியேட்டருக்கு வெளியே ஒரு கட்டிலில் உட்காரவைத்திருந்தார்கள். ராஜம் அக்கா நகர்ந்து இடம் விட்டார்கள். நான் உட்காரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. ரொம்ப நேரம் எதையோ கணக்குப் போட்டுப் பார்த்தவர் மாதிரி கேட்டார்.

"வே, நான் ஆரஞ்சு வாங்கிட்டு உம்மப் பாக்க வந்தேம்லா. அன்னைக்கே உமக்குத் தெரியுமா?"

என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வசந்தா பக்கத்திலேயே நின்றாள், ஆனால் நான் உண்மையைச் சொன்னது அதற்காக இல்லை.

"தெரியும் அண்ணாச்சி."

"சரி" என்று தலையை ஆட்டினார். உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். அணிந்திருப்பதையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார். நானும் கையை நீட்டினேன். பிறகு என்ன நினைத்தாரோ, கையை மடக்கிக்கொண்டு, அதை ராஜம் அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.